‘நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம்’

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பம் முதலில் கேட்பது, ‘ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?’ அடுத்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ‘ஏரியா எப்படி?’ அந்த ‘எப்படி’க்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைங்க நல்லாப் படிக்கணும் என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் அந்த ஏரியா ஏன் அப்படி இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அது தானாக அப்படி ஆகிவிடவில்லை. 1930களில் ஃபெடரல் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களின் வரைபடங்களை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகத் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று அதற்கு அர்த்தம். 1934இல் உருவான இன்னொரு அரசு அமைப்பும் அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. அதே நேரத்தில், வெள்ளையர் குடியேறிய புறநகர்களுக்கு அரசு ஆதரவுடன் சுலபக் கடன் கிடைத்தது. அந்த வீடுகள் விலை ஏறி, பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்தன.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் மாறியது, வாங்க முடியாமல் போன வீடு திரும்பி வரவில்லை. இங்கே பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் பள்ளிக்குத் திரளும் வரியும் குறைவு. அந்தப் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துத்தான் நாம் ‘வேண்டாம்’ என்கிறோம். வீட்டு மதிப்பு இன்னும் இறங்குகிறது.

அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெள்ளையர் குடும்பம் ஒன்றின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த இடைவெளி பலருடைய கண்ணுக்குத் தெரிவதே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் க்ராஸ், ஜெனிஃபர் ரிச்செசன் ஆகியோர் 2017இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கர்கள் உண்மையில் இருப்பதைவிட அதிகச் சமத்துவம் இருப்பதாக நம்புகிறார்கள் என்று காட்டியது. அந்த நம்பிக்கை வசதியான வெள்ளையரிடம்தான் மிக அதிகம்.

சரி, எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா? ஸ்டான்ஃபோர்டின் டெய்லர் பிலிப்ஸ், பிரையன் லோவரி ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இனத்தால் தங்களுக்குக் கிடைத்த சலுகைகளை நினைவூட்டியதும் வெள்ளையர்கள் தங்கள் சொந்தக் கஷ்டங்களை அதிகமாகச் சொல்லத் தொடங்கினார்கள். ‘நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன்.’ இந்த வசனத்தை நம்ம வீட்டு விருந்துகளிலும் கேட்டிருக்கிறோம் இல்லையா? ‘ரெண்டு பெட்டியோட வந்தோம், யாரும் எங்களுக்கு எதுவும் தரலை. அவங்க ஏன் முன்னேறலை?’

பெட்டி ரெண்டுதான். ஆனால் உள்ளே பட்டம் இருந்தது. நம்மில் பலர் அரசுக் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பட்டம். வாசலைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்குத்தான் இடம். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை சென்று, உயிர் கொடுத்து நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் வேகத்தில்தான் அந்தச் சட்டமும் வந்தது. அவர்கள் தட்டிய கதவு வழியாக உள்ளே வந்துவிட்டு, ‘அவங்க ஏன் முன்னேறலை’ என்று கேட்பது நன்றாக இல்லை.

ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர்களின் கதை வேறு. ‘இங்கே இனப் பிரச்சினையே இல்லை’ என்று பெரும்பான்மை சொல்லும்போது எப்படி வலிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘நான் நிறம் பார்ப்பதில்லை’ என்ற பேச்சுக்கு நம்மிடம் ஒரு தமிழ் வடிவமும் உண்டு: ‘நாங்க சாதி பார்க்கிறதில்லை.’ சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோதும், அதே ஆண்டு கலிஃபோர்னியா மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தபோதும், ‘இங்கே சாதியே இல்லை, சட்டம் எதற்கு?’ என்றவர்கள் நம்மிடையே இருந்தார்கள். பாதிக்கப்படாதவருக்குப் பிரச்சினை கண்ணில் படாது. அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இதையெல்லாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் கேட்கிறார்கள். ‘உனக்கெதுக்கு இதெல்லாம், படிக்கிற வேலையைப் பாரு’ என்று வாயை அடைக்க வேண்டாம். உட்கார்ந்து பேசுவோம்.

பேச்சோடு நிற்கவும் வேண்டாம். குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டும் திட்டம் நம்ம ஊருக்கு வரும்போது, ‘வீட்டு விலை இறங்கிடும்’ என்று எதிர்ப்பு மனு ஒன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். நம் கையெழுத்தையும் கேட்பார்கள். அன்று நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.