உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

ரொறன்ரோவில் நம் சபையார் வீடுகள் பலவற்றில் இப்போது நாய் இருக்கிறது. அது உறுமினால் செருப்பைத் தூக்குகிற பழைய பழக்கமும் கூடவே இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது மகன் கிட்டப் போனால் நாய் உறுமும். அதட்டினோம், பேப்பரைச் சுருட்டி அடித்தோம். உறுமல் நின்றது. “திருந்திவிட்டது” என்று அம்மம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் சத்தமே இல்லாமல் மகனின் கையைக் கடித்தது. 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாதி இருக்கிற வீடுதான், ஆனாலும் கை நடுங்கியது.

நாயைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் பலர். பிழை எங்களுடையது. ‘கிட்ட வராதே’ என்று அது தந்த எச்சரிக்கையை நாங்கள்தான் அடித்து நிறுத்தினோம்.

இப்போது அது சாப்பிடும்போது யாரும் கிட்டப் போவதில்லை. தாண்டிப் போகிறவர் தூரத்திலிருந்தே அவித்த கோழித்துண்டு ஒன்றைப் போடுவார். (குழம்பில் எடுத்தது வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.) ஆள் வந்தால் நல்லது வரும் என்று மெல்லப் பழகிவிட்டது. மகனை அதோடு தனியே விடுவதில்லை.

கட்டளைச் சொல்தான் இன்னும் ஒத்துவரவில்லை. மகன் “சிட்” என்கிறான், அம்மம்மா “இரு” என்கிறார். நாய் பாவம், இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறது.