ஃபேன் கவரைக் கழட்டாதீங்க சாமி!

மூணாவது வருஷம் பி.காம் படிக்கிற பையனுக்கு ஜீப் எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு கேட்கிறவங்க இப்பவே கேட்டுடுங்க. ஒண்ணும் தெரியாதுதான். ஆனா 19,700 ரூபாய் செலவாச்சுன்னா எதனால ஆச்சுன்னு கேட்கத் தெரியும். அந்தக் கேள்வியை விழுப்புரத்துல ஒரு பட்டறையில கேட்டேன். "உனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம், நீ போய்ப் படி"ன்னு பதில் வந்துச்சு. படிச்சேன். அதனாலதான் இது.

பனமலையில எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய மஹிந்திரா எம்எம்540 இருக்கு. ப்யூஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. பின்னால டிரெய்லர் மாட்டி மல்லாட்டை மூட்டை ஏத்துவாரு, ஏரிக்குள்ள இறங்கி வண்டல் அடிப்பாரு, யாருக்காவது உடம்பு சரியில்லன்னா ராத்திரியில ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகும். போன ஐப்பசியில எஞ்சின்ல இருந்து 'டர்ர்ர்'னு ஒரு சத்தம். பட்டறையில பானெட்டைத் தூக்கிப் பார்த்த மேஸ்திரி, விசிறி இறக்கை ஃபேன் கவர்ல உரசுதுன்னு கண்டுபிடிச்சாரு. அது சரி. அடுத்து என்ன செஞ்சாரு? நாலு போல்ட்டைக் கழட்டி, கவரைத் தூக்கி மூலையில போட்டு, "இது காத்தைத் தடுக்கிற தகரம் அண்ணே, இல்லாட்டி வண்டி இன்னும் கூலா ஓடும்"னு அனுப்பிட்டாரு. கூலி கூட வாங்கல. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஃபேன் கவர்னா எதுன்னு தெரியாதவங்களுக்கு: ரேடியேட்டரோட முதுகுல ஒட்டி, விசிறியைச் சுத்தி வளையமா நிக்கிற கூடு. புத்தகத்துல ஷ்ரவுட், கவுல்னு போட்டிருப்பாங்க.

விசிறி ஏன் உரசுச்சு? கவர் எங்கேயும் நகரல. எஞ்சினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் ரெண்டும் நசுங்கி எஞ்சின் கீழே இறங்கியிருக்கு. எஞ்சினோட சேர்ந்து விசிறியும் இறங்கி, வளையத்தோட அடி விளிம்பைத் தொட்டுச்சு. வியாதி ரப்பர்ல. வைத்தியம் கவருக்கு!

இப்ப அந்தக் கவர் என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம். ஓட்டை விழுந்த ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிச்சுப் பாருங்க. எவ்வளவு உறிஞ்சினாலும் ஓட்டை வழியா காத்துதான் வரும். கவர் இல்லாத விசிறியும் அப்படித்தான். ரேடியேட்டரோட பொடி இடுக்கு வழியா காத்தை இழுக்கிறது கஷ்டம், பக்கவாட்டுல எஞ்சின் மேல இருந்து இழுக்கிறது சுலபம். காத்து சுலபமான வழியிலதான் வரும். எஞ்சின் மேல ஏற்கெனவே காய்ஞ்ச சூட்டுக் காத்தையே விசிறி திரும்பத் திரும்பச் சுத்தும்.

இன்னொரு கணக்கு. ரேடியேட்டர் சதுரம், விசிறி வட்டம். சதுரத்துக்குள்ள அடங்குற மாதிரி எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும் 78.5 சதவீதம்தான் மூடும். மீதி 21.5 சதவீதம் நாலு மூலை. அந்த மூலையில காசு போட்டு வாங்கின ரேடியேட்டர் இருக்கு, ஆனா விசிறிக்கு அது எட்டாது. எட்ட வைக்கிறதுதான் கவர். இதை அஞ்சாம் வகுப்புப் பையன்கிட்ட படம் போட்டுக் காட்டினாலே புரியும்.

"கவர் இல்லாமலேயே எத்தனையோ வண்டி ஓடுதே"ன்னு ஒரு வாதம் வரும். ஓடும். ஜிஎஸ்டி ரோட்டுல 60ல போறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டருக்குள்ள அடிச்சுக்கிட்டுப் போகும், விசிறிக்கு அங்க பெரிய வேலை இல்ல. அதனாலதான் எங்க ஜீப்பும் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் நல்லா ஓடுச்சு. மேஸ்திரி சொன்னது வேதவாக்குன்னு நாங்களும் நம்பிட்டோம். ஆனா ஜீப்பை எதுக்கு வாங்குறோம்? லோ கியர் போட்டு, பளுவோட, ஆள் நடக்கிற வேகத்துல சேத்துலயும் மேட்டுலயும் ஏத்துறதுக்கு. அங்க எஞ்சின் முழுசா உழைக்கும், எதிர்க்காத்து சுத்தமா இருக்காது. இருக்கிறதெல்லாம் அந்த ஒத்தை விசிறிதான். கவர் தேவைப்படுற நேரமே அதுதான்.

சித்திரையில மல்லாட்டை மூட்டையை கமிட்டிக்குக் கொண்டு போகக் கிளம்பினோம். களத்துல இருந்து ரோட்டுக்கு ஏற ஏரிக்கரைதான் வழி. பாதி மேட்டுல ரேடியேட்டர் மூடி வழியா கொதிநீர் பீறிட்டுச்சு. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா எண்ணெய் பால் ஊத்தின டீ மாதிரி இருந்துச்சு. ஹெட் கேஸ்கெட் போச்சு. ஹெட்டை இறக்கி, லேத்துல ஃபேசிங் அடிச்சு, கேஸ்கெட், எண்ணெய், கூலி எல்லாம் 17,400. டிராக்டர்ல கட்டி இழுத்தது 800. மூட்டைக்கு டெம்போ 1,500. மொத்தம் 19,700. அந்த மல்லாட்டைப் பணத்துலதான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டுறதா இருந்துச்சு. சித்தி வளையல் இப்ப பேங்க்ல இருக்கு.

ஐப்பசியிலேயே மவுண்ட் ரப்பர் மாத்தியிருந்தா ரெண்டும் சேர்த்து 900 ரூபாய். கிட்டத்தட்ட 22 மடங்கு! இதுக்குப் பேரு எங்க பாடப் புத்தகத்துல வேற, எங்க வீட்டுல வேற.

எங்க பக்கம் தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். கூலன்ட் ஊத்தாம போர் தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தோம், உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் கொஞ்சம் அடைச்சும் இருந்துச்சு. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு மேஸ்திரி, "பெரிய ரேடியேட்டரா போட்டுடலாம் அண்ணே"ன்னாரு பாருங்க, அப்பதான் எனக்கு வாய் திறந்துச்சு. இருக்கிற ரேடியேட்டர்ல நாலு மூலையை வேலை செய்ய விடாம பண்ணிட்டு, பெருசு போடணுமாம்!

இன்னொரு கூட்டம் இருக்கு. தார் வாங்கி, பெரிய டயர் போட்டு, ரீல்ஸ்ல சேறு தெளிக்கிற அண்ணன்மார். பாடியை மட்டும் தூக்குற லிஃப்ட் கிட் போட்டா, பாடியோட சேர்த்து ரேடியேட்டரை மாட்டியிருக்கிற வண்டிகள்ல ரேடியேட்டரும் கவரும் மேலே போயிடும், எஞ்சினும் விசிறியும் சேஸிஸ்லயே நிக்கும். விசிறி இடிக்கும். உடனே கவரை அறுத்துடுறாங்க. ரேடியேட்டரைப் பழைய உயரத்துக்கு இறக்கி மாட்டுறதுதான் முறை. ஆழமான தண்ணியில இறங்கினா இறக்கை வளைஞ்சு ரேடியேட்டரைக் கிழிக்கும்ங்கிறதும் நிஜம்தான். ஆனா அதுக்கு இறங்குறதுக்கு முன்னாடி பெல்ட்டைத் தளர்த்தணும். கவரைக் கழட்டினா இறக்கை வளையாதா என்ன?

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. மின்சார விசிறி போடுறவங்க அதுக்கேத்த கூடோட போட்டா தாராளமா பழசைக் கழட்டலாம். எதிர்க்காத்து தடைபடுதுன்னு கவலைப்பட்டா, வேகத்துல தானா திறக்கிற ரப்பர் மடல் வச்ச கவர் இருக்கு. வெறுமனே கழட்டிப் போடுறதுக்குத்தான் ஒரு காரணமும் கிடையாது. சுத்துற இறக்கைக்கும் கிளீனர் பையன் விரலுக்கும் நடுவுல இருக்கிறதும் அந்தக் கவர்தான், அதையும் சொல்லிடுறேன்.

என்னை நம்ப வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓட விட்டு, முன்பக்கம் கிரில் மேல ஒரு தினத்தந்தித் தாளை வையுங்க. முன்பக்கம் மட்டும்தான், எஞ்சின் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. எங்க ஜீப்ல நடுவுல வச்சா ஒட்டுச்சு. மூலையில வச்சா வழுக்கி விழுந்துச்சு. சென்னை புதுப்பேட்டையில 1,200 ரூபாய்க்கு ஒரு பழைய கவர் தேடிப் பிடிச்சு, மவுண்ட் ரப்பரும் மாத்தி, விசிறி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிக்கிற மாதிரி நானும் சித்தப்பாவும் மாட்டினோம். இப்ப நாலு மூலையிலயும் தாள் ஒட்டுது.

எங்க பழைய கவரைக் கேட்டு பட்டறைக்குப் போனேன். பின்பக்கம் தகரக் கொட்டகையில அந்த மாதிரி கவர் பதினோரு உருப்படி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்தாரு. காயலான் கடைக்காரர் வர்ற நாளாம்.