பட்டு நூலில் ஒரு ஈ

பங்குனி மாதத்து ஞாயிறு. விடிகாலை நாலரை மணிக்கு போன் அடித்தது.

"மச்சான், ஏந்திரிச்சியா? கீழதான் நிக்கிறேன்."

ஜன்னல் வழியே பார்த்தால், தூண்டில் கம்பை பைக்கில் கட்டிக்கொண்டு நண்பன் நிற்கிறான். ஆறாம் வகுப்பில் தொடங்கிய சினேகிதம் எங்களுடையது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் சேர்ந்து பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்ந்து தூண்டில் போட்ட ஞாயிறுகள் அதைவிட அதிகம். அகஸ்தியாவை மூடிவிட்டார்கள். தூண்டிலை இன்னும் விடவில்லை.

இந்தத் தடவை அவனுக்குப் புதுக் கிறுக்கு. போன மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனவன், அவலாஞ்சிப் பக்கமும் போய் வந்தான். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் டிரவுட் மீன்தான்.

டிரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு சென்னை மாகாண அரசில் மீன் வளர்ப்பு நிபுணராக இருந்த ஹென்றி சார்ல்ஸ் வில்சன், 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கி, ஓடைகளில் அதை நிலைக்க வைத்தார். எல்லாம் துரைமார்களின் பொழுதுபோக்குக்காகத்தான்.

அதைப் பிடிக்கிற விதம்தான் நண்பனை மயக்கிவிட்டது. புழு கிடையாது, இறால் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பொய் ஈ செய்ய வேண்டும். தண்ணீரின் ஓட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும் மீனின் மூக்குக்கு முன்னால் அதை இறக்க வேண்டும். நம்ம தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அங்கே நரம்புக்கே கனம் உண்டு. சாட்டை வீசுகிற மாதிரி வீசினால், எடையே இல்லாத ஈ அதன் பின்னால் பறந்துபோய் உட்காரும். குளிர் நாடுகளில் வசந்தம் பிறந்ததும் ஆற்றுப் பூச்சிகள் கூட்டமாகச் சிறகு முளைத்துக் கிளம்பும். அதுதான் அங்கே சீசனாம்.

நமக்கு ஏது வசந்தம், பங்குனி வெயில்தான். ஆனாலும் அவன் விடவில்லை. கறிக்கடையில் சேவல் இறகு வாங்கினான். சரிகைக்கு? மனைவியின் பழைய பட்டுப்புடவையிலிருந்து நாலு இழை உருவியிருக்கிறான். (இதைப் படித்துத்தான் அந்த அம்மாவுக்குத் தெரியவரப் போகிறது. நண்பா, மன்னித்துவிடு.)

கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே வளைந்து வளைந்து எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது லேசாக வெளுத்திருந்தது. பூண்டியைத் தாண்டி வருகிற கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற இடம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

சாட்டை மாதிரி வீசினான். ஈ அவன் சட்டைக் காலரிலேயே மாட்டியது. இரண்டாவது தடவை என் தொப்பியில். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு குட்டி ஈயக்குண்டைக் கட்டினான். குண்டு கட்டினால் அது ஈத் தூண்டிலே இல்லை என்று அவனேதான் எனக்குப் பாடம் எடுத்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து நரம்பு வெடுக்கென்று இழுத்தது. கொடுவா! ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் தண்ணீரை விட்டு எம்பிய எம்பில் இரண்டு பேரும் ஆறாம் வகுப்புக்கே போய்விட்டோம். வாய் ஓரத்தில் பட்டுச் சரிகை மினுங்கியது.

கொக்கியைப் பதமாகக் கழற்றினான். இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது செவுளை அசைத்ததும் விட்டுவிட்டான்.

வெளிநாட்டுக்காரர்கள் பிடித்த மீனை ஆசையாக விட்டுவிடுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இவன் விட்டது அந்த ஆசையில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்த முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, அன்றிலிருந்து இங்கே பிடித்ததை அவன் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அதற்கு முன்பே சாம்பல் படிந்து படிந்து ஆற்றின் ஆழம் குறைந்துகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் சாப்பிட்டோம். எண்ணெயைக் கண்ணால் பார்த்த பிறகு கை வரவில்லை.

பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே, கொடுவாவ வுட்டுட்ட?"

"சும்மா ஜாலிக்குத்தான் தலைவா..." என்று நண்பன் இழுத்தான்.

"ஜாலியா, பயமா?"

நாங்கள் பேசவில்லை. எண்ணெய் வந்த சமயம் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் அரசு நிவாரணமாக அறிவித்தது. அது எத்தனை நாளைக்கு வரும்? அவர் கோபப்படாமல்தான் சொன்னார்: "மார்க்கெட்ல கூடையத் தொறந்தா, எண்ணூர் மீனான்னு கேட்டுட்டுப் போய்க்கினே கீறாங்க. இங்கியே பொறந்து வளந்த மேரி பேசுறீங்க, நீங்களே துண்ணலன்னா நான் யார்கிட்ட விக்கிறது?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பர்ஸை எடுத்தேன். மடவை இரண்டு கூறு வாங்கினோம், ஆளுக்கு ஒன்று. மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கையால் தொட்டு, செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டித்தான் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தூண்டில் பற்றியோ டிரவுட் பற்றியோ பேச்சே இல்லை. எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டபோது, "உங்க வீட்ல இன்னா சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டான்.

மதியம் புளியைத் தூக்கலாக விட்டு, மாங்காய் போட்டுக் குழம்பு கொதித்தது. மருமகள் பேரனுக்கு முள் எடுத்துக்கொண்டே, "மீன் ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கே மாமா, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"காசிமேடும்மா" என்றேன்.