கீழாநெல்லி குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

வானொலியில் உடல்நல நிகழ்ச்சி என்றாலே கீழாநெல்லி பற்றி ஒரு கேள்வி வந்துவிடும். சென்ற வாரம் ஜுருவிலிருந்து அழைத்த ஓர் அக்காவின் கேள்வி என்னைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டது. ஹெப்பாடைட்டிஸ் பி-க்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாராம். வீட்டுக்குப் பின்னால் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. மலாய்க்காரர்கள் டுக்கோங் ஆனாக் என்பார்களே, அதேதான். அரைத்து மோரில் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால், அடங்கியிருந்த கிருமி மீண்டும் கிளம்பி ஈரலைத் தாக்கலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதை மாத்திரையாக்கி 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 'லான்செட்' இதழில் வந்த செய்தி இது. ஆனால், பிறகு தாய்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் பாட்டி கொடுத்த சாற்றில் காமாலை இறங்கியதே? அசுத்தமான நீர், உணவு வழியே வரும் ஹெப்பாடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு! பி அப்படியல்ல. கண்ணில் மஞ்சள் காட்டாமலே வருடக்கணக்கில் ஈரலைத் தின்னும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். உப்பில்லாக் கஞ்சி மட்டும் குடித்து உடம்பை வாட்ட வேண்டாம். மீன், முட்டை, பருப்பு எல்லாம் வேண்டும். மதுவை அடியோடு விடுங்கள். பூஞ்சை பிடித்த கச்சான் கடலையைத் தூக்கிப் போடுங்கள்; அந்த நஞ்சும் ஹெப்பாடைட்டிஸ் பி-யும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. கோப்பி குடிக்கலாம், ஈரலுக்கு நல்லதுதான். சீனியைக் குறையுங்கள்.

ஜுருக்காரர்களுக்கு இன்னொன்று. கோலா ஜுரு கெராங் நம் பெருமைதான். ஆனால் சார் குவே தியாவில் இரத்தம் சொட்டச் சொட்ட அரைவேக்காடாகப் போடுகிறார்களே, அது வழியாகவும் ஹெப்பாடைட்டிஸ் ஏ வரும். ஏற்கெனவே பி உள்ள ஈரல் அதைத் தாங்காது. நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.