எடைக்குப் போடும் முன் யோசிப்போம்



மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருங்கினால் நம் எல்லோர் கடையிலும் ஒரே பேச்சுதான். ரேக்கில் நகராமல் கிடக்கும் பழைய சரக்கை என்ன செய்வது? "காயலான் கடைக்கு எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யுங்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. குடோன் வாடகை ஏறுகிறது, முடங்கிய முதலுக்கு வட்டி ஓடுகிறது. ஆனாலும் அந்தக் காரியத்தை ஒரு முறை செய்துவிட்டு வருந்துகிறவர்கள் நாங்கள். அந்த வருத்தம் முழுதாக உறைத்தது அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கொட்டகையில். அதை நம் பத்திரிகையில் சொல்லி வைப்பது கடமை என்று நினைக்கிறோம்.

சேலத்தில் எங்கள் தகப்பனார் தொடங்கிய மோட்டார் உதிரிபாக மொத்தக் கடை எங்களுடையது. அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடியவை டாட்ஜ், பார்கோ, பிளைமவுத், செவர்லே வண்டிகள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1947 முதல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களையும் லாரிகளையும் பூட்டி விற்றது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூட்பேக்கர் வண்டிகளைப் பூட்டியது. இவற்றுக்கெல்லாம் பிஸ்டன், வால்வு, பேரிங், வீல் சிலிண்டர் என்று அப்பா சரக்குப் பிடித்து வைத்திருந்தார். 1988-ல் கடையைத் திருத்திக் கட்டியபோது, ஓடாத வண்டிக்குச் சரக்கு எதற்கு என்று மூன்று லாரி லோடு எடைக்குப் போட்டோம். அப்பா தடுக்கவில்லை. சரக்குச் சிட்டையை மட்டும் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

முப்பது ஆண்டு கழித்து, 2018 கோடையில், அண்ணன் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்குவதற்காக நாங்கள் தம்பதியாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில் 1953-ம் வருட செவர்லே கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நம் தொழில் சம்பந்தப்பட்டது ஆயிற்றே, தினமும் காலையில் அங்கே போய் நிற்பது வழக்கமாகிவிட்டது.

அவர் மெக்கானிக் அல்ல. ஆனால் அவர் வேலை செய்த ஒழுங்கைப் பார்க்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனித் தனிப் பையில், எந்த இடத்தில் இருந்தது என்ற சீட்டோடு இருந்தது. நல்ல கடையின் ஸ்டாக் ரூம் போல இருந்தது அந்தக் கொட்டகை. இறுகிப்போன எஞ்சினை அவர் வலுக்கட்டாயமாகச் சுழற்றவில்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டுப் பல நாள் ஊற வைத்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடுவித்தாராம். துருவேறிய சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த பிளாஸ்டிக் தொட்டியில் அமிழ்த்தி, பேட்டரி சார்ஜரின் மின்சாரம் கொடுத்துத் துருவை எடுத்தார். எதிர் முனைக்குச் சாதா இரும்புத் தகடுதான் வைக்க வேண்டும், எவர்சில்வர் வைத்தால் குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும் என்று எச்சரித்தார்.

நம்மை யோசிக்க வைத்தது அவருடைய கைத்திறன் மட்டுமல்ல, அவருக்குச் சாமான் வந்து சேர்ந்த விதமும்தான். அந்த வண்டி 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அதற்குரிய பல்பும் ஒயரிங்கும் இன்றும் கிடைக்கின்றன. பழைய வண்டியில் இருந்தது போலவே துணி சுற்றிய ஒயரை அதே நிற அடையாளத்தோடு கட்டாகக் கட்டி விற்கிறார்கள். துரு தின்ற தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அச்சில் அடித்த புதுத் தகட்டை வாங்கி வெல்டு வைத்தார். கார்புரேட்டருக்கு கேஸ்கெட், நீடில் வால்வு எல்லாம் சேர்ந்த கிட் ஒரே டப்பாவில் வந்தது. வீட்டில் செய்ய முடியாத வேலை சிலிண்டர் போரிங்கும் குரோமியப் பூச்சும்தான். அவற்றைப் பட்டறைக்கு அனுப்பினார். அந்த நாட்டில் ஒரு மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து கார் கட்ட முடிகிறது என்றால், அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு உதிரிபாகக் கடைக்காரர்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த வியாபாரத்தின் பரப்பும் சிறியதல்ல. போர்டு கம்பெனியின் மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை 1 கோடியே 50 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதற்கு இன்றும் புதிதாகப் பாகம் செய்து விற்கிறார்கள். 1964-ல் வந்த மஸ்டாங் காருக்குக் கம்பெனியின் உரிமத்தோடு முழுக் கூடே புதிதாகக் கிடைக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்ற ஊரில் 1955-ல் தொடங்கிய பழைய கார்ச் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் கடை போடுகிறார்கள். அங்கே தனி மதிப்போடு விற்பது எது தெரியுமா? அந்தக் காலத்தில் விற்காமல், டப்பா பிரிக்காமல் தேங்கிப்போன அசல் சரக்கு. நாம் 'டெட் ஸ்டாக்' என்று தள்ளுவதை அவர்கள் 'பழைய இருப்பில் வந்த புதுச் சரக்கு' என்று சிறப்புப் பெயர் வைத்து விற்கிறார்கள்.

ஸ்டூட்பேக்கர் கதை இன்னும் பெரிய பாடம். அந்தக் கம்பெனி 1966-ல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனால் மிஞ்சிய உதிரிபாகச் சரக்கை வியாபாரிகள் கைவிடவில்லை. வாங்கி அடுக்கி, நம்பர் போட்டு, ஆண்டுக்கணக்கில் விற்றார்கள். அதனால் இன்றும் அந்தக் காரை வைத்திருப்பவருக்குச் சாமான் கிடைக்கிறது. பெற்ற கம்பெனி போன பிறகும் பிள்ளையைக் காப்பாற்றியது கடைக்காரர்தான்.

கடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபா சாட்சி. 1959 புரட்சிக்கு முன் வந்த அமெரிக்கக் கார்கள் அங்கே ஏராளம். 1960-லும் 1962-லும் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டதும் சாமான் வரத்து நின்றது. வண்டியை விடவும் மனமில்லை, வேறு வண்டி வாங்கவும் வழியில்லை. ரஷ்யக் கார்களின் எஞ்சினையும் பாகங்களையும் மாட்டி, கிடைக்காததை வீட்டிலேயே ராவிக் கடைந்து ஓட்டினார்கள். அவர்கள் திறமைக்குக் கும்பிடு போடலாம். ஆனால் மேலே செவர்லே, உள்ளே வேறு என்ற வண்டிகள்தான் அங்கே நிறைய. கடைக்காரர் செய்ய வேண்டியதை ஒவ்வொரு குடும்பமும் தன் தலையில் சுமந்தது.

அமெரிக்கா பணக்கார நாடு, நமக்கு அது ஒத்து வருமா என்று கேட்கலாம். அதற்குத்தான் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். இரண்டு ஆண்டுக்கு முன் கோவைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தாத்தாவின் டாட்ஜ் காரை வீட்டிலேயே பிரித்து ஓட்டத்துக்குக் கொண்டுவர முயல்கிறாராம். பாட்டிக்கு வயது எண்பத்தெட்டு. கல்யாணமாகி வந்த அந்தக் காரில் ஒரு முறை உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசையாம். பிரேக் வீல் சிலிண்டர் மட்டும் எங்கும் அகப்படவில்லை. அப்பாவின் சிட்டையை எடுத்துப் பார்த்தோம். அந்த நம்பருக்கு நேரே '11 உருப்படி, 4-வது ரேக்' என்று அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. 4-வது ரேக் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் மேஜை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தருகிறோம் என்றோம். தருவித்தும் கொடுத்தோம். சரக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். இளைஞர் பணத்தைக் கொடுத்து, நன்றி சொல்லி வாங்கிப் போனார். எங்களால் அந்தப் பணத்தை மனமாரக் கல்லாவில் போட முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? வேண்டாம். ரப்பர் சாமானுக்கு ஆயுசு குறைவு. பிரேக் கப், ஹோஸ், பெல்ட் முதலியவை பல ஆண்டு கிடந்தால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் விற்கக் கூடாது. அது உயிர் விஷயம். அன்று அந்த 11 சிலிண்டர் இருந்திருந்தாலும் உள்ளே இருக்கும் கப்பைப் புதிதாக மாற்றித்தான் கொடுத்திருக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், அதையும் விற்க வேண்டாம். ஆனால் கிரீஸ் தடவிக் காகிதம் சுற்றிய கியர், வால்வு, பேரிங் போன்றவை ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் வியாபாரி. தெரியாதவருக்கு இரண்டும் எடைதான்.

தேவை இங்கேயும் கூடித்தான் வருகிறது. 50 ஆண்டு கடந்த, அசலில் பெரிய மாற்றம் செய்யாத, சொந்த உபயோகத்து வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. அசல் கெடாமல் இருக்க வேண்டும் என்று விதியே சொல்லும்போது, அசல் சாமான் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நம் வாசலுக்குத்தான் வரும்.

எனவே சங்கத்துக்கு ஒரு யோசனை. உறுப்பினர் ஒவ்வொருவரும் எடைக்குப் போடும் முன் பழைய சரக்கின் பெயர், நம்பர், எண்ணிக்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுப்போம். சங்கம் அதைத் தொகுத்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்பட்டும். ஆறு மாதம் யாரும் கேட்காவிட்டால் எடைக்குப் போடலாம். இதற்குச் செலவு ஒரு தாளும் அரை நாள் வேலையும்தான். மோட்டார் சாமானுக்கு மட்டுமல்ல. தையல் மெஷின், பம்பு செட், கடிகாரம், மிக்சி என எந்தச் சரக்குக்கும் இது பொருந்தும்.

பொருளை விற்கும்போது, பழுதானால் இந்தக் கடையில் சாமான் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறோம். ஊர் பேர் தெரியாமல் கம்ப்யூட்டரில் விற்பவரோடு நாம் போட்டியிட நமக்கு மிஞ்சியிருக்கும் பலம் அதுதான். எங்கள் தவற்றை மற்றவர்கள் செய்ய வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். அப்பாவின் சிட்டையை எடுத்து வருகிறோம்.