80 லட்ச ரூபாய் படகு: வாங்கலாமா, வேண்டாமா?

டிவிஎஸ் 50 வைத்திருக்கும் ஒருவரிடம் போய், "பல்சர் வாங்கிக்கங்க, நூத்துக்கு எழுபது ரூபா நாங்களே போடுறோம்" என்று சொன்னால் என்ன செய்வார்? அன்று சாயங்காலமே ஷோரூம் வாசலில் நிற்பார். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. ஆனால் வாசலில் கூட்டம் கூடவில்லை. ஏன்?

முதலில் திட்டம் என்னவென்று பார்த்துவிடலாம். 2017 ஜூலை 27 அன்று ராமேஸ்வரத்தில் பிரதமர் இதைத் தொடங்கி வைத்தார். பாக் விரிகுடாவில் இழுவலை போடும் விசைப்படகுகளை விலக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளைத் தருவதுதான் திட்டம். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று 4 மாவட்டங்கள். 3 வருடத்தில் 2000 படகுகள் இலக்கு. ஒரு படகின் விலை 80 லட்சம். அதில் மத்திய அரசு மானியம் 40 லட்சம், மாநில அரசு மானியம் 16 லட்சம், வங்கிக்கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். அதாவது 24 லட்சத்துக்கு 80 லட்ச ரூபாய் பொருள்!

3 வருடம் முடிந்தபோது இலக்கில் சின்னப் பங்கு கூட எட்டப்படவில்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இன்றைக்கும் பழைய விசைப்படகுகள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. "மீனவர்களுக்கு மாற்றம் பிடிக்காது, படிப்பறிவு இல்லை" என்று இதற்குச் சுலபமாக ஒரு காரணம் சொல்லிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனமான பதில். பி.காம். முதல் வருடக் கணக்குப் பாடத்தை வைத்துப் பார்த்தாலே, தயங்கியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பது புரியும்.

பழைய படகின் கணக்கு

விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள்தான் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதி 304 நாளில் வாரம் 3 என்று போட்டால் வருடத்துக்குச் சுமார் 130 நாள் வருகிறது. புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், பண்டிகை எல்லாம் கழித்தால் இன்னும் குறையும்.

அந்த நாட்களிலும் போவதற்கு இடம் இருக்கிறதா? கரையோரக் கடலை 1983-ஆம் வருடச் சட்டம் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிவிட்டது. அந்தப் பக்கம் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு. நடுவில் இருக்கும் பட்டையில் அத்தனை படகுகளும் வலை இழுத்தால் இறாலும் நண்டும் கணவாயும் எத்தனை நாளைக்கு மிஞ்சும்? அதனால்தான் நெடுந்தீவுப் பக்கம் போகிறார்கள், பிடிபடுகிறார்கள். இழுவலைத் தொழிலை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கி, ஓர் இளைஞர் இறந்துபோனார்.

ஆகப் பழைய படகு லாபமான சொத்து இல்லை. எப்போது கைவிட்டுப் போகும் என்று தெரியாத சொத்து. இதுவரைக்கும் வாதம் புதிய படகின் பக்கம்தான்.

மானியம் எதைக் குறைக்கிறது?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மானியம் படகின் விலையைத்தான் குறைக்கிறது, படகை ஓட்டும் செலவை இல்லை. 24 லட்சம் கொடுத்து வாங்கினாலும் டீசல் குடிப்பது 80 லட்ச ரூபாய் படகு. இன்ஜின் பழுதானால் பில் வருவது 80 லட்ச ரூபாய் படகுக்கு. ஒரு பேச்சுக்கு அந்தப் படகின் ஆயுள் 15 வருடம் என்று வைத்தால், தேய்மானம் மட்டுமே வருடத்துக்கு 5 லட்சத்து 33 ஆயிரம். இதையும் ஒவ்வொரு வருடமும் மீனில்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 16-வது வருடம் கையில் படகும் இருக்காது, பணமும் இருக்காது.

அடுத்தது கடன். 16 லட்சத்தை 5 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், வட்டியே இல்லாமல் அசல் மட்டும் மாதம் 26 ஆயிரத்து 667 ரூபாய். கடலுக்குப் போகாத மாதத்திலும் இது நிற்காது. விசைப்படகு போன மறுநாளே கரைக்கு வந்துவிடும். பாடு சரியில்லை என்றால் நஷ்டம் ஒரு நாள் டீசலோடும் ஐஸோடும் போய்விடும். ஆழ்கடல் படகு வாரக்கணக்கில் கடலில் நிற்கிறது. டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர், ஆட்களின் வீட்டுக்கு முன்பணம் எல்லாம் போட்டு அனுப்பிவிட்டு, வெறும் படகாகத் திரும்பி வந்தால்? அடுத்த நடைக்குப் பணம் எங்கே? இந்த நடப்பு மூலதனத்துக்கு அந்த 80 லட்சத்தில் ஒரு ரூபாய் கூட ஒதுக்கவில்லை. கடைசியில் வியாபாரியிடம் கை நீட்ட வேண்டும். முன்பணம் கொடுத்தவர் சொல்வதுதான் மீனுக்கு விலை.

விலையும் அதே இடத்தில் நிற்கவில்லை. 2020-ல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஓர் ஆழ்கடல் படகுக்கு வைத்திருக்கும் அலகு விலையே 1 கோடியே 20 லட்சம்.

படகு மட்டுமா மாறுகிறது?

டிவிஎஸ் 50-யிலிருந்து பல்சருக்கு மாறினால் ரோடு அதேதான். இங்கே ரோடே மாறுகிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம் கூட இல்லை. சூரை அங்கே கிடைக்காது. தெற்கே பாம்பன் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கோ, வடக்கே கோடியக்கரை தாண்டி வங்கக்கடலுக்கோ போக வேண்டும். அதற்கான மூக்கையூர் துறைமுகம் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவில். கோட்டைப்பட்டினத்துக்காரர் வீடு ஓர் ஊரிலும் படகு இன்னோர் ஊரிலுமாக வாழ வேண்டும்.

வலையும் மாறுகிறது. இழுவலை போட்டுப் பழகியவருக்குச் செவுள்வலையும், கடலில் நீளமாக விட்டு எடுக்கும் ஆயிரங்கால் தூண்டிலும் வேறு தொழில். எந்த மாதம் எந்தத் திசை, தூண்டிலை எவ்வளவு ஆழத்தில் விடுவது, பிடித்த சூரையை நிறம் மாறாமல் எப்படி ஐஸில் வைப்பது என்பதெல்லாம் ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் வராது. சூரைக்கு விலையே அதன் தரத்தில்தான் இருக்கிறது. கெட்டுப்போனால் கருவாட்டு விலை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரைப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள், கொச்சியில் மீன் இறக்குகிறார்கள். அவர்களுக்குத் தூண்டில் தொழில் முதலில் வந்தது. தொழில் வளர வளரப் படகு பெரிதானது. இங்கே முதலில் படகைக் கொடுத்துவிட்டு, தொழில் தானாக வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தூத்தூர்க்காரர்களே 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் எத்தனை பேரை இழந்தார்கள்! அனுபவசாலிகளுக்கே அப்படி என்றால் புதிதாகப் போகிறவரின் வீட்டில் எப்படித் தூக்கம் வரும்?

அப்படியானால் வேண்டாமா?

"வேண்டாம்" என்று முடித்துவிட்டால் அதுவும் அரைக்கணக்குதான். இழுவலை கடலின் அடியைச் சுரண்டி, குஞ்சு மீனையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. ஒரு விசைப்படகு விலகினால், அதே மாவட்டத்து நாட்டுப்படகுக்காரருக்கும், 2009-ல் போர் முடிந்த பிறகு கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து மீனவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அவரும் தமிழர்தான், அவர் வலையும் கடன் வாங்கிய வலைதான். 56 லட்ச மானியத்தில் மக்கள் பணம் வாங்குவது ஒரு தனிமனிதரின் படகை இல்லை, கடலின் ஓய்வை. அந்த வகையில் அது நல்ல செலவு.

ஆனால் ஓய்வு ஊருக்குக் கிடைக்கிறது, ரிஸ்க் முழுவதும் ஒரு குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. திட்டத்தின் ஓட்டை இதுதான். அதனால் இன்றைய நிலையில் தனி ஆளாக, அனுபவமில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு, மானியம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் இந்தப் படகை வாங்குவது சரியில்லை. வாங்க நினைப்பவர் முதலில் ஒரு சீசன் வேறொருவரின் ஆழ்கடல் படகில் தொழிலாளியாகப் போய்வர வேண்டும். 2 அல்லது 3 பேர் பங்காளிகளாகச் சேர வேண்டும். குறைந்தது 3 நடை வெறும் கையோடு வந்தாலும் தாங்கும் பணம் தனியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அரசும் படகுக்கு மானியம் கொடுப்பதோடு நிற்காமல் முதல் 2 வருட டீசலுக்கும் ஐஸுக்கும் குறைந்த வட்டியில் சுழல்நிதி கொடுக்கலாம். தூத்தூர் ஓட்டுநர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் புதிய படகுகளில் ஏற்றிவிடலாம். விசைப்படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலாளிகளுக்கும் ஒரு வழி சொல்லலாம். படகு விலகும்போது உரிமையாளருக்காவது மானியம் வருகிறது, அவர்களுக்கு வேலைதான் போகிறது.

விலை உயர்ந்த பொருளை வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி "எவ்வளவு?" என்பது. கேட்க வேண்டிய கேள்வி "வாங்கின பிறகு எவ்வளவு?" என்பது. கோட்டைப்பட்டினத்துக்காரர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. உங்கள் அப்பா கையில் 8 லட்சமும் கரையில் ஒரு பழைய விசைப்படகும் இருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?