சித்தனும் சக்தியும்

கல்லூரி மலரில் சினிமாவைப் பற்றியா என்று முகஞ்சுளிக்கும் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பாலா இயக்கி 2003ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பிதாமகன்’ படத்தை நான் இவ்வாண்டுதான் பார்த்தேன். பார்த்த நாள்முதல் அது நெஞ்சைவிட்டு அகலவில்லை.

சுடுகாட்டிலே பிறந்து, வெட்டியான் ஒருவரால் வளர்க்கப்பட்டவன் சித்தன். ஊர் அறியான், உறவு அறியான், பேச்சும் அரிது. சக்தியோ வாயை முதலாக வைத்துப் பிழைப்பவன். நாலு பேரை ஏமாற்றினால்தான் அவனுக்கு அன்றைய சோறு. இவ்விருவரையும் விதி சேர்த்து வைக்கும் இடம் சிறைச்சாலை! எல்லோரும் அஞ்சி ஒதுங்கும் சித்தனிடம் சக்தி மட்டும் வலியச் சென்று ஒட்டிக்கொள்கிறான். சித்தனாக நடித்த விக்ரமுக்குத் தேசிய விருது கிடைத்தது; தகும். ஆயினும் என் மனம் சூர்யாவின் சக்தியையே சுற்றுகிறது. இருவருக்குமாக அவன் ஒருவனே பேசுகிறான். அவன் இல்லையேல் சித்தனை நாம் மனிதனாகப் பார்த்திருப்போமா? சந்தேகந்தான். சக்தி கொல்லப்பட்ட பிறகு வரும் பழிவாங்கலை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. அது எல்லாப் படத்திலும் உள்ளதுதானே!

எனக்கு வேறொரு குறை உண்டு. சுடுகாட்டில் வளர்ந்தவன் என்றால் பேசத் தெரியாதவனாகத்தான் இருக்க வேண்டுமா?

என் பாட்டனாரை அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிக் கரையில் எரித்தோம். அன்று இரவெல்லாம் தீயைப் பார்த்துக்கொண்டவர், “திரும்பிப் பாராமப் போங்க ஐயா, நான் இருக்கேன்” என்று என் தந்தையாரைத் தேற்றி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அதே மனிதர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். என் தந்தையார் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். நானுந்தான்.

படம் பார்த்த மறுவாரம் ஆற்றங்கரைக்குப் போனேன். “என்ன படிக்கீய தம்பி?” என்று அவராகவே பேச்சைத் தொடங்கினார். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி, நனைந்த விறகில் தீ ஏற்றும் பாட்டைப் பற்றி, கூலியைக் கொடுக்காமலே நழுவும் பெரிய வீட்டார்களைப் பற்றி விடாமல் பேசினார்; இடையிடையே சிரிக்கவும் வைத்தார். அவருக்குத் தேநீர் வாங்கித் தரலாம் என்று அழைத்தேன். கடைவாசல்வரை வந்தவர் உள்ளே வர மறுத்து, “நீங்க குடிச்சிட்டு வாங்க” என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

இரண்டு தேநீரையும் வெளியே வாங்கிவந்தேன். கடைக்காரர் ஒன்றைக் கண்ணாடித் தம்ளரிலும் மற்றொன்றைக் காகிதக் கோப்பையிலும் ஊற்றித் தந்தார்.